லிண்ட்ஸ்போர்க் நடுக்கோடை விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ஊருக்குத் தெற்கே, காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய விச்சிட்டாவில் வசிக்கிறவன் நான். ஜூன் மாதம் மூன்றாவது சனிக்கிழமை நீங்கள் நடத்தும் நடுக்கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு வருகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. எங்கள் வீட்டில் யாருக்கும் சுவீடனோடு ரத்த சம்பந்தம் கிடையாது. இருக்கிற ஒரே தொடர்பு, சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரில் இருக்கிற சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரியில் என் அம்மா பிறந்தார் என்பதுதான். சின்ன வயதில் எனக்கு சுவீடன் என்றால் ஒரு நாடு என்பதைவிட ஓர் ஆஸ்பத்திரியின் பெயராகத்தான் தெரியும். கேன்சஸ் மாநிலத்துக் கோதுமை வயல்களுக்கு நடுவே 'குட்டி சுவீடன்' என்று ஓர் ஊர் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வண்டியை எடுத்ததற்கு அதுவே காரணம்.

இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் பொதுவில் வைப்பது எதற்கென்றால், உங்களிடம் நான் கேட்கப்போவதை அமெரிக்காவில் பொங்கல் விழாவும் சித்திரை விழாவும் நடத்துகிற எங்கள் ஆட்களும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான். அவர்களுக்காக உங்கள் ஊரைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிண்ட்ஸ்போர்க்கில் மொத்த ஜனத்தொகையே நாலாயிரத்தைத் தொடாது. ஸ்மோக்கி ஹில் ஆறு வளைந்து போகிற பள்ளத்தாக்கில், மெக்ஃபெர்சன் கவுன்டியில் இருக்கிறது. 1869-ல் ஓலோஃப் ஓல்சன் என்ற 28 வயதுப் போதகர், சுவீடனின் மேற்கு மூலையில் இருக்கிற வெர்ம்லாந்து மாகாணத்திலிருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே குடியேறினார். அதற்கு முந்தின வருஷமே சிகாகோவில் இருந்த சுவீடன்காரர்கள் சிலர் ஒரு விவசாயக் கம்பெனி ஆரம்பித்து, ரயில்வே கம்பெனியிடம் நிலம் பேசி வைத்திருந்தார்கள். கடைத்தெருவில் இன்றைக்கு நடந்தால் ஆளுயர மரக்குதிரைச் சிலைகள் விதவிதமான வேஷத்தில் நிற்கும். வீட்டு வாசலில் பெயர்ப் பலகையும் குதிரை வடிவில்தான். நாலு வரி முடிந்தது.

உங்கள் விழாவை நான் குறை சொல்ல வரவில்லை. இந்த மாநிலத்தில் நான் பார்த்த ஊர்த் திருவிழாக்களில் காசு பிடுங்காத, இரைச்சல் இல்லாத, குழந்தைகளைத் தைரியமாக அவிழ்த்து விடக்கூடிய விழா இது ஒன்றுதான். கம்பத்தை நட்டு நிமிர்த்துகிற அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே வரலாம். இலையும் பூவும் சுற்றிய கம்பம், குறுக்குக் கட்டையின் இரண்டு முனையிலும் தொங்குகிற பூ வளையங்கள். அதை ஆட்கள் தூக்கி நிறுத்தும்போது கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். எங்கள் ஊர்த் தேரில் வடம் பிடிக்கிற நேரத்தில் இப்படி ஓர் அமைதியைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பிடில், அக்கார்டியன், நடனம். சுவீடனின் ஜூன் மாதம் வேறு, கேன்சஸின் ஜூன் மாதம் வேறு. 35 டிகிரி வெயிலில் கம்பளிச் சட்டையும் முழங்கால் வரை வெள்ளை ஸ்டாக்கிங்கும் போட்டுக்கொண்டு உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவார்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே ஒரு பெண், ஸ்டாக்கிங்கைக் கணுக்கால் வரை சுருட்டி இறக்கிவிட்டு, பின்கழுத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பெயர் கூப்பிட்டதும் பையைத் தம்பி கையில் திணித்துவிட்டு, ஸ்டாக்கிங்கை இழுத்துவிட்டுக்கொண்டே வட்டத்துக்குள் ஓடினாள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் வந்தவர்கள் எல்லாரையும் வட்டத்தில் சேர்த்துக்கொண்டு தவளை மாதிரி குதிக்கிற ஆட்டம் ஒன்று வருமே, அதில் என் மகள் இப்போது மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கண்ணில் பட்டவரை, அந்த நாள் முழுக்க நீங்கள் சுவீடனைக் காட்டுகிறீர்கள். பூ முடி, மரக்குதிரை, கொடி, நாட்டுப்புற உடை, கட்டையை எறிந்து விளையாடுகிற கூப். எல்லாம் அழகு. ஆனால் அந்த சுவீடனை விட்டு உங்கள் கொள்ளுத் தாத்தாக்கள் ஏன் கிளம்பினார்கள், வந்த இடத்தில் என்ன பாடுபட்டார்கள் என்பது கம்பத்தைச் சுற்றி நிற்கிற கூட்டத்தின் காதில் விழுவதே இல்லை. அதெல்லாம் பழைய மில் அருங்காட்சியகத்தின் சுவருக்குள் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் பார்க்கிறார்கள். பூ முடி வாங்க வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள்?

அந்த மரக்குதிரையை, டாலா குதிரை என்கிறீர்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது டலார்னா மாகாணத்துப் பொம்மை. மோரா பக்கத்தில், நூஸ்நேஸ் கிராமத்தில் செதுக்குவது. டலார்னா, வெர்ம்லாந்துக்குப் பக்கத்து மாகாணம்தான் என்றாலும், வெர்ம்லாந்திலிருந்து வந்தவர்கள் அதைத் தங்கள் சின்னமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறவில்லை. 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் சுவீடன் அரங்கத்தின் முன்னால் பெரிய குதிரை ஒன்றை வைத்தார்கள். அதற்கப்புறம்தான் அது உலகம் பூராவும் சுவீடனின் அடையாளமானது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து பர்மாவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை வாசலில் வைத்து 'இதுதான் எங்கள் பரம்பரை' என்று சொல்வது மாதிரி இது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. பொம்மை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே பெட்டியில் வந்தது எது, பின்னால் கடையில் வாங்கியது எது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

இதில் இன்னொரு தமாஷும் உண்டு. ஓல்சன் போதகரோடு வந்தவர்கள் உங்கள் விழாவைப் பார்த்தால் முதல் பாட்டிலேயே எழுந்து போயிருப்பார்கள். அவர்கள் பக்திக் கட்டுப்பாடு மிகுந்த லுத்தரன் கூட்டம். நடனம், சீட்டாட்டம், சாராயம் மூன்றையும் பாவம் என்று ஒரே கயிற்றில் கட்டியவர்கள். வீட்டில் கூடி வேதம் வாசிப்பதைத் தடுக்க 1726-லேயே அந்த நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். போதகர் இல்லாமல் வீட்டில் ஜெபக் கூட்டம் நடத்தினால் அபராதம், ஜெயில் வரை போகும். 1858-ல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் போனாலும் அரசாங்கத் திருச்சபைக்கும் இந்த வேத வாசகர்களுக்கும் இருந்த உரசல் சட்டென்று போய்விடவில்லை. உண்மையான விசுவாசிகள் மட்டும் சேர்ந்து வாழ ஒரு இடம் வேண்டும் என்பதுதான் ஓல்சனின் கனவு. வந்த வருஷமே பெத்தனி சபையை ஆரம்பித்தார்கள். அந்தச் சபையின் பேரப்பிள்ளைகள் இன்று கம்பத்தைச் சுற்றி ஆடுகிறார்கள். தாத்தாக்களின் கண்டிப்பை உதறியதும் உங்கள் பாரம்பரியத்தில் சேர்த்திதான். அதை மேடையில் சொன்னால் கூட்டம் கைதட்டிச் சிரிக்கும். ஏன் சொல்வதில்லை?

பக்தி ஒரு காரணம் என்றால் பசி இன்னொரு காரணம். அம்மை குத்தும் பழக்கம் வந்தது, உருளைக்கிழங்கு சாகுபடி பரவியது, 1814-க்குப் பிறகு சண்டை இல்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள், ஜனம் பெருகியது, நிலம் பெருகவில்லை. பாகம் பிரித்துப் பிரித்து நிலம் துண்டானது. துண்டும் இல்லாதவர்கள் அடுத்தவர் பண்ணையில் கூலிக்குப் போனார்கள். அந்த நிலைமையில் 1867-ல் குளிர் விடவே இல்லை, விதைப்பு கெட்டது. மறு வருஷம் மழை பொய்த்தது. பாறைப் பாசியையும் மரப்பட்டையையும் மாவோடு சேர்த்து ரொட்டி சுட்டுத் தின்ற வருஷங்கள் அவை. ஓல்சன் கூட்டம் கிளம்பியது அதற்கு அடுத்த வருஷம். மொத்தக் கணக்கில், அறுபது எழுபது வருஷத்துக்குள் 12 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறினார்கள். 1870-ல் சுவீடனின் ஜனத்தொகையே 42 லட்சத்துக்குள்தான். இன்றைக்கு உலகமே பொறாமைப்படுகிற நாடு, அன்றைக்குத் தன் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாமல் கப்பல் ஏற்றி அனுப்பியது.

அவர்கள் வந்த வழியைச் சொன்னாலே போதும், ஒரு கதை. யாத்தபோரி துறைமுகத்தில் கப்பல் ஏறி இங்கிலாந்தின் ஹல்லில் இறங்குவது. அங்கிருந்து ரயிலில் நாட்டைக் குறுக்கே கடந்து லிவர்பூல். அங்கே பெரிய கப்பல், நியூயார்க், மறுபடி ரயில். அந்தக் காலத்துச் சுவீடன்காரர்களில் பெரும்பாலோர் வந்த வழி அதுதான். கேன்சஸில் 1867-ல் ரயில் சலைனா வரை வந்திருந்தது. அதற்குத் தெற்கே இருபது மைல் வண்டிப் பாதை. வெர்ம்லாந்து முழுக்கக் காடும் ஏரியும் இரும்பு உலைகளும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஆற்றங்கரையைத் தவிர வேறெங்கும் மரமே இல்லாத புல்வெளியில் வந்து இறங்கினார்கள். வீடு கட்ட மரம் இல்லை என்றதும் மேட்டைக் குடைந்து உள்ளே இருந்தார்கள், புல்லோடு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். எரிக்க விறகு இல்லாத இடத்தில் காட்டெருமையின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கினார்கள். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தபோது 1874 வந்தது. வெட்டுக்கிளி மேகம் போல இறங்கிச் சோளத்தைத் தின்றது, தோட்டத்தைத் தின்றது. காயப்போட்ட துணியையும், வியர்வை ஊறிய மண்வெட்டிப் பிடியையும்கூட அது விடவில்லை என்று அந்த வருஷத்துக் கேன்சஸ்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் நடந்த மண்ணில் நின்றுகொண்டு நாம் பூ முடி பின்னுகிறோம். பின்னட்டும். ஆனால் கம்பத்தைத் தூக்குவதற்கு முன்னால் பத்தே பத்து நிமிஷம் கொடுங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை. சொற்பொழிவு வேண்டாம், வெயிலில் யாரும் கேட்கமாட்டார்கள். ஊர்க் குடும்பங்களின் பழைய கடிதங்களிலிருந்து இரண்டு மூன்றை உங்கள் பிள்ளைகளே மைக்கில் வாசிக்கட்டும். ஊரைப் புகழ்கிற கடிதமாக மட்டும் பொறுக்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து போன கடிதங்களில் பாதிக்குப் பாதி ஆளைக் கூப்பிடுவதற்காக எழுதியவை. அதில் வெட்டுக்கிளி இருக்காது. குழந்தை செத்ததை, கடன் வாங்கியதை, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்ததைச் சொல்கிற ஒரு கடிதமாவது வேண்டும். நாங்களும் வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்புகிற படங்களில் பனி விழுகிற அழகு மட்டும்தான் இருக்கும், முதுகு ஒடியப் பனி அள்ளுவது இருக்காது. அதனால் எனக்கு இந்த வித்தை தெரியும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களிடம் இருக்கிற பொக்கிஷத்தை நீங்கள் ஓரமாக வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு ஒரு ஆதங்கம். நீங்கள் செய்கிற உருளைக்கிழங்கு கொர்வ் இருக்கிறதே, அரைத்த பன்றிக்கறி, மாட்டுக்கறி, பச்சை உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆல்ஸ்பைஸ் எல்லாம் போட்டுக் குடலில் அடைத்து வேகவைப்பது, அது நேராக வெர்ம்லாந்துச் சமையலறையிலிருந்து வந்தது. சுவீடனில் இன்றைக்கும் அதற்கு அந்த மாகாணத்தின் பெயர்தான். கறிக்கு வழியில்லாத வீட்டில் உருளைக்கிழங்கைச் சேர்த்து அளவைப் பெருக்கிய புத்தி அது. சாம்பாரில் தண்ணீரைக் கூட்டுகிற எங்கள் அம்மாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குதிரைக்கு இல்லாத உரிமை இந்தக் கொர்வுக்கு உண்டு. ஆனால் விழாவில் அது மற்ற தின்பண்டங்களோடு ஒன்றாகத் தட்டில் வருகிறது, 'சுவீடிஷ் சாசேஜ்' என்று பொத்தாம் பொதுவாக. ஒரு மேசையைப் போட்டு, கறியும் கிழங்கும் எவ்வளவுக்கு எவ்வளவு சேர்ப்பார்கள், ஏன் கிழங்கு, எந்த வீட்டில் யாருக்குச் செய்முறை வந்தது என்று ஒரு பாட்டி நின்று அடைத்துக் காட்டினால் வரிசை தெரு முனை வரை நிற்கும். அந்த வரிசையில் நான் முதலில் நிற்பேன்.

சுவீடனிலிருந்து கொண்டுவந்ததைப் போலவே, இங்கே வந்த பிறகு நீங்களே உண்டாக்கியதும் இருக்கிறது. எனக்கு அதன் மேல்தான் மரியாதை அதிகம். கார்ல் ஸ்வென்சன் என்ற இளம் போதகர் 1881-ல் பெத்தனி கல்லூரியைத் தொடங்கினார். கல்லூரிக்குக் காசு வேண்டும். அவரும் மனைவி ஆல்மாவும் விவசாயிகளைச் சேர்த்துப் பாடகர் குழு ஒன்றைக் கட்டி, ஹேண்டல் என்ற இசையமைப்பாளரின் 'மெசையா' என்ற பெரிய கிறிஸ்தவ இசைக்கோவையைப் பயிற்றுவித்தார்கள். பலருக்கு ஆங்கிலமே அப்போதுதான் நாக்கில் வர ஆரம்பித்திருந்தது. ஏர் பிடித்த கையோடு வண்டி கட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வந்து, 1882-ல் பாடினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் வாரத்தில் உங்கள் ஊர் அதைப் பாடிக்கொண்டே இருக்கிறது. மண் வீட்டிலிருந்து வெளியே வந்து பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகாத ஜனம் ஒன்று இப்படி ஒரு வேலையில் இறங்கியது என்பதை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. 1894-ல் பிர்கர் சாண்ட்சேன் என்ற ஓவியர் 23 வயதில் இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று இதே கல்லூரிக்கு வந்தார். 52 வருஷம் பாடம் நடத்திவிட்டு, 1954-ல் இந்த ஊரிலேயே கண்ணை மூடினார். அவர் சுவீடனின் ஏரிகளையே நினைத்துக்கொண்டிருக்கவில்லை. ஸ்மோக்கி ஹில் ஆற்றையும் அதன் கரையில் இருக்கிற காட்டன்வுட் மரங்களையும் வண்ணத்தைக் கரண்டியால் அள்ளி அப்பியது போல வரைந்தார். உங்கள் காட்சிக்கூடத்தில் அந்தப் படங்களின் முன்னால் நின்ற பிறகுதான், தினம் காரில் கடக்கிற இந்தத் தட்டையான நிலத்தில் ஊதாவும் ஆரஞ்சும் இருப்பது எனக்குத் தெரிந்தது. நடுக்கோடை விழாவில் இந்த இரண்டு சங்கதியும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மெசையாவை ஜூனில் பாட வேண்டாம், சரி. பாடகர் குழு ஒரே ஒரு பாட்டுப் பாடலாமே. பிள்ளைகள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து படம் வரைய ஒரு கூடாரம் போடலாமே.

கடினமான விஷயத்தை இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. ஓல்சன் கூட்டம் வந்தபோது பள்ளத்தாக்கு காலியாக இருந்தது என்ற மாதிரி ஒரு நினைப்பு நம் எல்லாருக்குள்ளும் இருக்கிறது. இந்த மாநிலத்துக்கே பெயர் கொடுத்த கான்சா மக்கள், இப்போது காவ் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள், அப்போது இன்னும் கேன்சஸில்தான் இருந்தார்கள். கிழக்கே கவுன்சில் குரோவில் அவர்களுக்கென்று சுருக்கி ஒதுக்கிக் கொடுத்த ரிசர்வேஷன் நிலத்திலிருந்து எருமை வேட்டைக்கு மேற்கே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். உங்கள் முன்னோர்கள் மண் வீட்டுக்குக் கதவு வைத்துக்கொண்டிருந்த நாளில், 1873-ல், அவர்களை மொத்தமாக இப்போதைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பியது சுவீடன்காரர்கள் இல்லை, அரசாங்கம்தான். ஆனால் ரயில்வேக்காரன் விற்ற நிலமும், குடியேறி உழுகிறவர்களுக்கு நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டத்தில் குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று கிடைத்த நிலமும் யார் கையிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்வதில் என்ன வெட்கம்? சோற்றுக்கு வழியில்லாமல் வந்தவர்களுக்குக் கிடைத்த வாழ்வும், இன்னொரு ஜனத்தின் வாழ்வு போனதும் ஒரே சமயத்தில் நடந்தவை. இதை எழுதுகிற நானும் அதே நிலத்தில்தான் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் ஊருக்கு விச்சிட்டா என்று பெயர் வந்ததே இன்னொரு பழங்குடியிடமிருந்துதான்.

ஊருக்கு வெளியே இருக்கிற குன்றைப் பாருங்கள். 1541-ல் தங்கம் தேடிக் குதிரைப் படையோடு வந்து, புல் வேய்ந்த வீடுகளைத் தவிர ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போன ஸ்பானியத் தளபதி கொரனாடோவின் பெயர் அதற்கு. 1936-ல் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டத்தில் உச்சியில் ஒரு கல் கோட்டையும் கட்டினார்கள். சூரியன் மறைவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது. ஆனால் அந்தப் புல் வீடுகளில் இருந்தது விச்சிட்டா மக்களின் முன்னோர்கள். வந்து போனவருக்குக் குன்று இருக்கிறது, இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. லாரன்ஸ் நகரப் பூங்காவில், குடியேறியவர்களின் நினைவுச் சின்னமாகப் பல வருஷம் நிறுத்தி வைத்திருந்த செந்நிறப் பெரும்பாறை ஒன்று காவ் மக்களின் புனிதக் கல். நகரத்தார் மன்னிப்புக் கேட்டு அதைத் திருப்பிக் கொடுத்து, கவுன்சில் குரோவுக்குப் பக்கத்தில் காவ் மக்களுக்குச் சொந்தமான பூங்காவுக்கு எடுத்துப் போனார்கள். உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரத் தூரத்தில் நடந்த சங்கதி. அடுத்த வருஷ விழாவுக்குக் காவ் நேஷனுக்கும் விச்சிட்டா மக்களுக்கும் முறையாக அழைப்பு அனுப்புங்கள். வரவேண்டுமா, வந்தால் என்ன செய்வது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். ஆடிக் காட்டச் சொல்லிக் கூப்பிடாதீர்கள், தயவுசெய்து.

இதையெல்லாம் சேர்த்தால் விழா கனத்துப்போய்விடும், 'நம்ம' விழா என்கிற உணர்வு போய்விடும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தப் பயத்துக்கு உங்கள் ஊர்ச் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அக்டோபரில் நடக்கிற பெரிய விழாவை, முன்னோடிகளுக்கு மரியாதை செய்யவென்றே 1941-ல் தொடங்கி வைத்தவர் ஒரு டாக்டர். அவர் சுவீடன்காரர் இல்லை; டச்சு வம்சாவளி. ஊரில் வைத்தியம் பார்க்க வந்தவர், 'உங்கள் தாத்தா பாட்டிகள் செய்ததற்கு நீங்கள் ஒரு விழா எடுக்க வேண்டாமா' என்று முன்னால் நின்றிருக்கிறார். உங்கள் நடனக் குழுவில் ஆடுகிற பிள்ளைகளும் எல்லாரும் ஓல்சன்களும் லிண்ட்களும் இல்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வெளியாள் உள்ளே வந்து உங்கள் விழா கெட்டுப்போனதில்லை. சுவீடனின் ராஜா கார்ல் குஸ்தாவே 1976-ல் உங்கள் ஊருக்கு வந்தார். அவர் வந்து பார்த்த சுவீடன் மண்டபம்கூட 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்காகச் செய்து, பிற்பாடு உங்கள் ஊருக்கு இடம் மாற்றியதுதானே.

எங்கள் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும். ஜனவரிப் பனியில் பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து நாங்கள் பொங்கல் கொண்டாடுகிறோம். ஃபயர் அலாரம் அடித்துவிடும் என்பதால் பொங்கல் வீட்டிலேயே பொங்கி, அலுமினிய ட்ரேயில் வந்து சேரும். மேடையில் கோலாட்டம், கொஞ்சம் திருக்குறள், நிறையச் சினிமாப் பாட்டு. எதற்காகக் கிளம்பி வந்தோம், கிரீன் கார்டு வரிசையில் தலை நரைத்தது, அப்பா சாவுக்குப் போக முடியாமல் போனில் முகம் பார்த்தது, ஊரில் எந்தச் சாதி வாசலைத் தாண்டி வந்தோம், தாண்டி வந்ததை எப்படிப் பெட்டியில் மறுபடி கொண்டுவந்தோம், இதில் ஒன்றுகூட மேடை ஏறாது. நூறு வருஷம் கழித்து எங்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டி ஆடிக்கொண்டிருப்பார்கள், ஏன் ஆடுகிறோம் என்று தெரியாமல். நீங்கள் எங்களைவிட நூறு வருஷம் முன்னால் வந்தவர்கள். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் மேல் எனக்கு இவ்வளவு உரிமை வந்ததற்கு அதுதான் காரணம்.

நான் கேட்ட எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்ய முடியாது என்பது தெரியும். உங்கள் விழா தன்னார்வலர்கள் தோளில் நிற்கிறது. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால், கம்பம் தூக்குவதற்கு முன்னால் அந்தப் பத்து நிமிஷக் கடித வாசிப்பைச் செய்யுங்கள். இரண்டாவதாக ஒன்று முடியும் என்றால் அழைப்பிதழ். கொர்வ் மேசை மூன்றாவதுதான், எனக்கு அதில் சுயநலம் இருந்தாலும்.

ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள். நானும் என் வீட்டாரும், விச்சிட்டாவிலிருந்து இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களும் காலையிலேயே வந்துவிடுகிறோம். நாற்காலி போடுவது, தண்ணீர் கேன் தூக்குவது, குப்பை அள்ளுவது எல்லாம் எங்களுக்குக் கல்யாண வீட்டுப் பழக்கம். ஆடுகிற பிள்ளைகளுக்கு ஐஸ் பை கொடுக்கும் வேலையை என் மகள் இப்போதே தனக்கென்று கேட்டு வைத்துவிட்டாள்.

அன்புடன்,
விச்சிட்டாவில் வசிக்கும் ஒரு தமிழர்